கிட்டுசாமியைக் கூப்பிடுங்கள்!

(நியூ ஜெர்சி, ஈஸ்ட் பிரன்ஸ்விக். 2000 ஜனவரி. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் திருமதி தனபாக்கியம் ஆற்றிய உரை.)

சிகாகோவில் கொட்டும் பனியில் சிறப்புப் பேச்சாளரின் விமானம் சிக்கிக்கொண்டது என்ற செய்தி வந்ததும் சற்றும் கலங்காமல், "மேடம், ஒரு பத்து நிமிஷம் நீங்க மேனேஜ் பண்ணிடுங்கோ" என்று என்னைப் பிடித்து ஒலிபெருக்கியின் முன்னால் நிறுத்திவிட்டு, நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்திருக்கும் சங்கத் தலைவர், பெரியவர் திரு. கஸ்தூரிரங்கன் அவர்களே! இந்தப் பள்ளிக்கூட அரங்கின் புகை அலாரத்துக்கு அஞ்சி, வீட்டிலேயே பொங்கல் பொங்கி, பானையை மடியில் ஏந்திக் காரில் கொண்டுவந்து சேர்த்த வீரத் தாய்மார்களே! பார்க்கிங் தேடித் தேடித் தமிழ்த்தாய் வாழ்த்தைத் தவறவிட்டாலும் சாப்பாட்டு நேரத்தை ஒருநாளும் தவறவிடாத சான்றோர்களே! தமிழ் நன்றாகப் புரிந்தும் புரியாதவர்கள்போல் கடைசி வரிசையில் கமுக்கமாக அமர்ந்திருக்கும் இளஞ்செல்வங்களே! மூன்றாம் வரிசையில், 'இவள் என்னத்தைச் சொல்லி வைக்கப்போகிறாளோ' என்ற கலக்கத்தில் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரரே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் இரு கரம் குவித்த வணக்கம்!

அன்பர்களே, கோயம்புத்தூரில் தமிழ் முதுகலை படித்தவள் நான். அதனால் இந்தச் சங்கம் எனக்கு ஆண்டுதோறும் ஒரு தனிப்பெருமை தருகிறது. அதன் பெயர் நன்றியுரை. மைக் பிடித்தவருக்கு நன்றி, மைக் கொடுத்தவருக்கு நன்றி, நாற்காலி விரித்தவருக்கு நன்றி, நாற்காலி மடக்கியவருக்கு நன்றி! 'நன்றி' என்று நான் நாவைத் திறக்கும்போதே நீங்கள் எல்லோரும் தட்டேந்தி வரிசையில் நின்றுவிடுவீர்கள். இன்றைக்குத்தான் நாற்காலியில் ஆள் இருக்கும்போது பேசுகிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது.

சிறப்புப் பேச்சாளர் 'அயலகத்தில் அருந்தமிழ்' என்று பேசுவதாக இருந்தது. நான் அதைப் பேசப்போவதில்லை. நான் பேசப்போவது ஃபுட்பால்!

ஏன் சிரிக்கிறீர்கள்? புடவை கட்டியவள் ஃபுட்பால் பேசக்கூடாது என்று சங்கத்தின் சட்டத்தில் இருக்கிறதா? இருந்தால் தலைவர் எடுத்துக் காட்டட்டும், இறங்கிவிடுகிறேன். இல்லையே? நல்லது.

காலால் உதைத்து ஆடுகிறார்களே, அதை இந்த ஊரில் சாக்கர் என்பார்கள். நான் சொல்வது அமெரிக்க ஃபுட்பால். கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பந்தும் உருண்டையாக இராது, உரித்த தேங்காய்போல இரண்டு பக்கமும் கூம்பியிருக்கும். ஒரு மணி நேர ஆட்டம், மூன்று மணி நேரம் நடக்கும். அதில் பந்து நகர்வது பத்து நிமிடம். மீதி நேரமெல்லாம் வட்டமாக நின்று குனிந்து குசுகுசுவென்று பேசுவார்கள். பேசிக் கலைந்து, மறுபடியும் கூடிப் பேசுவார்கள். நம் சங்கத்தின் செயற்குழுவைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டம் எளிதில் விளங்கும்.

என் ஒரே மகன் நெடுஞ்செழியன். பெயர் வைத்தவள் நான். பெயருக்கேற்ப வளர்ந்தான், உயரத்துக்கு உயரம், அகலத்துக்கு அகலம்! உயர்நிலைப்பள்ளியில் கால் வைத்த அன்றைக்கே, அங்கிருந்த ஃபுட்பால் பயிற்சியாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தாராம். எப்படிப் பார்த்தார்? பெண்ணைப் பெற்றவர்கள் கிரீன் கார்டு மாப்பிள்ளையைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

விட்டுவிடுவோமா நாம்? வெள்ளிக்கிழமை ஆட்டமா? வெள்ளிக்கிழமை வயலின்! சனிக்கிழமை பயிற்சியா? சனிக்கிழமை கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. வகுப்பு! ஞாயிற்றுக்கிழமையா? ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளி, அதை நடத்துபவளே நான்! "தலைல அடி பட்டா கால்குலஸ எவன் போடுவான்?" என்று கேட்டார் அவன் அப்பா. நம் தலைவர் கஸ்தூரிரங்கன் ஐயாவும், "கரெக்ட் சார், நம்ம பசங்களுக்கு டென்னிஸ்தான் சேஃப்" என்று தீர்ப்பு எழுதினார். ஆமாம் ஐயா, நீங்கள்தான்! எங்கள் வீட்டு வரவேற்பறையில், என் கையால் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே சொன்னீர்கள். ஆக, பள்ளிக்கூடத்தில் நான்கு ஆண்டும் என் பிள்ளை அந்தப் பந்தைத் தொட்டதே இல்லை.

பிறகு பென்சில்வேனியாவில் ஒரு சின்னக் கல்லூரி, இன்ஜினியரிங். முதலாண்டு ஒழுங்காகப் போயிற்று. இரண்டாம் ஆண்டு, போன ஆகஸ்ட் மாதம், எங்கள் இருவருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஃபுட்பால் அணித் தேர்வுக்குப் போய் நின்றிருக்கிறான். சுற்றிலும் எப்பேர்ப்பட்டவர்கள்! நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஆடுகிறவர்கள், அப்பா ஆடியவர்கள், தாத்தா ஆடியவர்கள்! நடுவில் என் நெடுஞ்செழியன். அடி படாமல் இருக்கத் தொடைக்கு வைக்க வேண்டிய பஞ்சுப் பலகையை முழங்காலுக்கு வைத்துக்கொண்டு, முழங்காலுக்கு வைக்க வேண்டியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

அந்தக் கல்லூரிக் கோச் வந்தார். "எந்தப் பள்ளிக்கூட டீம்ல ஆடியிருக்க?" என்று கேட்டார். "எதுலயும் இல்ல." "எந்த இடத்துல நின்னு ஆடுவ?" "எங்கயும் நின்னதில்ல." "அப்ப உனக்கு என்னதான்ப்பா தெரியும்?" என் பிள்ளை ஆழ்ந்து சிந்தித்து, அடக்கத்தோடு சொன்னானாம்: "வயலின்."

சிரியுங்கள், சிரியுங்கள்! அவரும் இப்படித்தான் சிரித்தாராம். சிரித்துவிட்டு, 'போ' என்று சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒன்று நடந்தது. ஆட்டத்தின் சூட்சுமங்களையெல்லாம் படம்போட்டு எழுதிய தடித்த புத்தகம் ஒன்றை ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள். என் பிள்ளை அதைக் கைதவறிக் கீழே போட்டான். போட்டது போதாதென்று காலும் பட்டுவிட்டது. புத்தகத்தில் கால் பட்டால் நம் வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? குனிந்து எடுத்தான், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்!

கோச் அதைப் பார்த்தார். முப்பது வருடமாகப் பயிற்சி கொடுக்கிற மனிதர். அந்தப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கியவனைப் பார்த்திருக்கிறார், அதன்மேல் பீட்ஸாவை வைத்துச் சாப்பிட்டவனைப் பார்த்திருக்கிறார். கண்ணில் ஒற்றிக்கொண்டவனை வாழ்நாளில் பார்த்ததில்லை! "இந்தப் பையன் இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். தாய்மார்களே, நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கே போய் உதவுகிறது பாருங்கள்!

ஆனால் அதே பழக்கம் பயிற்சிக் களத்தில் காலை வாரியது. அவனுக்குக் கொடுத்த வேலை மிகவும் எளிது: எதிரே வருகிறவனை மறித்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். மறித்தான், தள்ளினான். தள்ளும்போது இவன் கால் அவன்மேல் படாமல் இருக்குமா? பட்டதும் இவன் என்ன செய்தான்? ஆட்டத்தை நிறுத்திவிட்டு, குனிந்து அவன் தோளைத் தொட்டுத் தன் நெஞ்சில் வைத்துக் கும்பிட்டான். கும்பிட்டு நிமிர்வதற்குள் இன்னொருவன் இவனைத் தாண்டிப் போய்ப் பந்து வைத்திருந்தவனைப் பந்தாடிவிட்டான். "கும்பிடறதெல்லாம் விசில் ஊதினப்புறம் வெச்சுக்கோ!" என்று கோச் தொண்டை கிழியக் கத்தினாராம்.

எங்களுக்கு எப்படித் தெரிந்தது? ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் ஆரம்பித்தது. வாரம் தவறாமல் நான் கேட்பேன், "என்ன கண்ணு சாப்பிட்ட?" வாரம் தவறாமல் அவன் சொல்வான், "ஃபுட், மா." அன்றைக்கு அவனாகவே, "மா, கேன் யூ சென்ட் சம் இட்லி? லைக், எ லாட்?" என்றான். போனை வைத்துவிட்டு ஓடினேன். "ஏனுங்க, பையனுக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க. அவனா சோறு கேக்கறானுங்க!" மறு சனிக்கிழமையே இட்லி, பொடி, எள்ளுருண்டை, ஒரு குண்டான் தயிர்சாதம் எல்லாவற்றையும் கேம்ரி காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

அறையில் ஆள் இல்லை. மைதானத்தில் இருப்பான் என்றார்கள். மைதானத்துக்குப் போனால், நாங்கள் மகனைக் காண்பதற்கு முன்னால் ஒரு குரல் எங்களை வந்து தாக்கியது. கோச் கத்துகிறார், என் வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்! 'எருமை மாதிரி நிக்காத! இடுப்ப வளை! ஓடு!' என்கிறார். இவர் காரின் கதவைப் பிடித்தபடி உறைந்துபோய், "ஏம் புள்ள, அந்தாளு எதுக்கு என்னையத் திட்டறான்?" என்று கேட்டார்.

அன்பர்களே, நமக்கேது குடும்பப் பெயர்? ஸ்மித் உண்டா, ஜான்சன் உண்டா? விசா வாங்கும்போது அப்பாவின் பெயரைக் கடைசியில் கட்டித் தொங்கவிட்டோம். இந்த ஊரில் கடைசிப் பெயரைத்தான் சட்டை முதுகில் எழுதுவார்கள், அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதைச் சொல்லித்தான் திட்டுவார்கள். என் மகனின் முதுகில் கொட்டை எழுத்தில் இருந்த பெயர்... அதை நான் எப்படிச் சொல்வேன்? திருமணமாகி இருபத்துநான்கு ஆண்டு, அன்றுவரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. கடையில் கேட்டாலும் எழுதித்தான் காட்டுவேன். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாரே, அவர் பெயர்தான்.

(அரங்கிலிருந்து ஒரு குரல்: "கிட்டுசாமி!")

நன்றி, ஜலஜா மாமி. தலைவருக்கு வாய்த்த இல்லத்தரசி இப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! "படிக்க அனுப்புனா மாட்டுச் சண்டைக்கு நிக்கறயா? உன்ற கையப் பாரு, கத்திரிக்கா மாதிரி கன்னிப்போயிருக்குது!" என்று இவர் குதித்தார். உள்ளபடியே நானும் இவர் பக்கம்தான் இருந்தேன். ஆனால் அந்தக் கோச் என்னிடம் வந்து, தொப்பியைக் கழற்றி, பணிவோடு ஒரு வார்த்தை சொன்னார். என்ன சொன்னார் தெரியுமா? "அம்மா, உங்க பையன் சாப்பிடறது பத்தாது, இன்னும் நிறைய சாப்பிடணும்!" ஆகா! எந்த ஒரே கருத்தை இத்தனை ஆண்டாக நான் அடுப்படியில் தனியாக நின்று முழங்கி வந்தேனோ, அதை ஓர் அமெரிக்கர் ஊரறிய ஒப்புக்கொண்டார்! அந்த நொடியே நான் கட்சி மாறிவிட்டேன்.

ஆனால் இவர் மாறவில்லை. "எதுக்குடா கண்ணு உனக்கு இது?" என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நோபடி எவர் லெட் மீ ட்ரை, டாட்" என்றான். யாரும் என்னை முயன்று பார்க்கவே விடவில்லை என்கிறான். வராது, வராது என்று நாங்கள் எல்லோரும் சொன்னோமே, வருமா என்று ஒருவராவது பார்த்தோமா? இவரும் கொஞ்சம் இறங்கினார். இறங்கி ஒரு நிபந்தனை போட்டார். "சரி. இந்த சீசன் முடியறதுக்குள்ள ஒரே ஒரு மேட்ச்லயாச்சும் நீ உள்ள கால் வெக்கோணும். பெஞ்சுலயே உக்காந்து அடி மட்டும் வாங்கிட்டு இருந்தீன்னா, இதோட விட்டுப்போட்டுப் படிக்கோணும்." பிள்ளை ஒப்புக்கொண்டான்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள் ஐயா, நன்றாகப் பாருங்கள்! ஃபுட்பால் பத்து நிமிடம் எவ்வளவு நேரம் ஓடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் போயிற்று. பெஞ்சு. அக்டோபர் போயிற்று. பெஞ்சு. நான் மட்டும் வண்டியேறிப் போய், அணிப் பிள்ளைகளின் தாய்மார்களோடு உட்கார்ந்து பார்ப்பேன். களத்தில் சகதியும் சண்டையுமாக அவர்கள் ஆடுவார்கள். என் பிள்ளை சலவைக்குப் போட்டு எடுத்த சட்டை கசங்காமல், மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவன்போல் ஓரமாக நிற்பான். ஆனால் அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. ஆட்டம் சலித்துவிட்டால் வேடிக்கைக்காகக் கைதட்டி, கால் தட்டி, 'கிட்டு... சாமி! கிட்டு... சாமி!' என்று... ஐயோ, நான் சொல்லவில்லை, அவர்கள் சொன்னது! அவர்கள் கூப்பிடுவார்கள். கோச் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

நவம்பர் வந்தது, கடைசி ஆட்டமும் வந்தது. அன்றைக்குத்தான் இவர் முதல்முறையாக வந்தார். எதற்கு வந்தார்? பார்க்க வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் அந்தக் கவசத்தையும் கம்பி போட்ட தலைக்கூண்டையும் திருப்பிக் கொடுக்க வைத்து, மகனைக் கையோடு கூட்டிவர வந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தெர்மாஸிலிருந்து காப்பியை ஊற்றிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நம் அணி தோற்றது. சாதாரணத் தோல்வியா? பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் புள்ளி; எதிரணியினர் தாண்டித் தாண்டிக் கால் ஓய்ந்துவிட்டார்கள். கடைசிச் சில நிமிடங்கள். பிள்ளைகள் அந்தப் பெயரைக் கூவத் தொடங்கினார்கள். "இவனுக எதுக்கு என்னைக் கூப்பிடறானுக?" என்று இவர் எழுந்து நின்றேவிட்டார்! பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு விஷயம் விளங்கியது. "நீங்கதான் அசல் கிட்டுசாமியா?" என்று அவள் கத்த, அந்தப் பக்கம் முழுவதும் இவரைப் பார்த்துக் கைதட்ட, இவர் கம்பளியோடு நின்று கைகூப்பினார்.

அப்போது கோச் திரும்பினார். பெஞ்சைப் பார்த்தார். விரலை நீட்டினார்.

என் பிள்ளை எழுந்தான்! தலைக்கூண்டை மாட்டினான்! ஓடினான்! கோடு தாண்டினான்! கால் வைத்தான்! ஒலிபெருக்கியில் ஒரு குரல், கணீரென்று, ஓர் எழுத்துப் பிசகாமல் அந்தப் பெயரைச் சொன்னது. அரங்கமே அதிர்ந்தது. எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. எழுந்தேன். முந்தானையை இடுப்பில் செருகினேன். "கிட்டுசாமி! கிட்டுசாமி! வுடாத சாமி, புடிச்சுத் தள்ளு!" என்று, இருபத்துநான்கு ஆண்டு சேர்த்துவைத்த குரலில் கத்தினேன்!

இவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட இப்படிப் பார்த்ததில்லை.

முதல் முறை மறித்தான், தானே விழுந்தான். இரண்டாம் முறை மறித்தான், இரண்டு பேரும் விழுந்தார்கள். மூன்றாம் முறை! எதிரே இருந்தவன் மலைபோல் வந்தான். என் பிள்ளை குனிந்தான், முட்டினான், தூக்கினான், சாய்த்தான்! அந்த இடைவெளியில் நம் பையன் ஒருவன் பந்தோடு பாய்ந்து கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டான்! விசில் ஊதினார்கள். விசில் ஊதியதும் நெடுஞ்செழியன் என்ன செய்தான்? விழுந்து கிடந்தவனைத் தொட்டுக் கும்பிட்டான். கோச் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான்!

அந்தப் பையனுக்குப் புரியவில்லை. ஆனாலும் கையைப் பிடித்து எழுந்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். ஆட்டம் தோல்விதான், படுதோல்விதான்! ஆனால் நம் பக்கத்துத் தாய்மார்கள் குதித்த குதியைப் பார்த்து, ஜெயித்த அணியின் ஆட்கள், தாங்கள்தான் தோற்றுவிட்டோமோ என்று ஸ்கோர் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முடிந்து வந்தான். உடம்பெல்லாம் சேறு. அப்பாவின் முன்னால் நின்று, "ஐ காட் இன், டாட்" என்றான். உள்ளே கால் வைத்துவிட்டேன் என்கிறான். இவர் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார். முதுகில் அந்தப் பெயர் சேற்றில் பாதி மறைந்திருந்தது. கைக்குட்டையால் ஒவ்வோர் எழுத்தாகத் துடைத்தார். துடைத்துவிட்டு என்னிடம், "ஏம் புள்ள, இதை வீட்டுக்குக் கொண்டுபோய் நல்லாத் துவைச்சு வெக்கோணும். அடுத்த வருசம் இவனுக்கு வேணுமல்ல?" என்றார். என் பிள்ளை அப்பாவின் தோளில் சாய்ந்து அழுதுவிட்டான். நானும்தான் அழுதேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. பதினாறு ஆண்டாக இவர் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனியில் இவருக்குப் பெயர் 'கிட்'. முழுப்பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லையாம். இவரும் போனால் போகிறதென்று, அறை வாசலில் 'கிட்' என்றே பலகை வைத்திருந்தார். அந்தத் திங்கட்கிழமை காலை இவர் போய், அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு, முழுப்பெயரை எழுதி மாட்டினார். மேனேஜர் கேட்டாராம், "இதை எப்படிச் சொல்வது?" இவர் சொன்னாராம்: "ஒரு காலேஜே சொல்லுது. நீங்க முயற்சி பண்ணுங்க."

பெரியோர்களே, தாய்மார்களே! முயற்சி பண்ணுங்கள் என்பதைத்தான் நானும் சொல்ல வந்தேன். முன்னால் ஆடியிருக்கிறாயா என்று கேட்காதீர்கள்! முன்னால் பாடியிருக்கிறாயா, முன்னால் பேசியிருக்கிறாயா என்று கேட்காதீர்கள்! உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை, உங்கள் பக்கத்தில் ஒரு பெண், கூப்பிட மாட்டார்களா என்று கவசத்தோடு காத்திருக்கலாம். கூப்பிடுங்கள்! பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்! உள்ளே வந்து விழட்டும், விழுந்து எழட்டும், எழுந்து ஒருவனைச் சாய்க்கட்டும்! தோற்றால் என்ன, துவைக்கச் சட்டை இருக்கிறது!

என்னைக் கூப்பிட்ட தலைவருக்கு நன்றி. என் பேச்சை எழாமல் கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. பந்தி தயாராகிவிட்டது, வாசனை வருகிறது. வயிறும் மனமும் நிறையப் பொங்கல் உண்டு, வருமாண்டு முழுக்க நலமாக இருங்கள். கிட்டுசாமி, வாங்க, வீட்டுக்குச் சேர்ந்தே போகலாம்.

வணக்கம்!